தவுக்கே வீட்டில் மாட்டியிருந்த படம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் மலாயாவில் செமோருக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், டிரெஸ்ஸராக இருந்தேன். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை ஈப்போவிலிருந்து காரில் வந்து போவார். மற்ற நாட்களில் பன்னிரண்டு கட்டில் போட்ட அந்தப் பலகை ஆஸ்பத்திரியில் நான்தான் எல்லாம். புண்ணுக்குக் கட்டுவேன், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பேன். யார் இன்று வேலைக்குப் போகலாம், யார் படுத்திருக்கலாம் என்று காலையில் புத்தகத்தில் எழுதுவதும் நான்தான். அந்தக் கடைசி வேலைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஒரு சனிக்கிழமை, பால் நிறுத்து முடிந்த நேரம், பால்வெட்டுக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிடப் பெரியவர். அதிகம் பேசாதவர். அவருடைய மனைவி என் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் கட்டிலில் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

“காச்சலா?” என்று கேட்டேன்.

“இல்லங்கையா. ஒண்ணு கேக்கணும். அவ படம் ஈப்போவுல ஒரு வீட்டுல மாட்டியிருக்காமே. தொர பங்களா சமையக்காரண்ணே பாத்துட்டு வந்து சொன்னாரு.”

கையிலிருந்த மருந்துச் சீசாவை மேஜையில் வைத்தேன்.

“எங்கிட்ட அவ படம் ஒண்ணும் கிடையாதுங்க. போட்டோ புடிச்சதில்ல. கொஞ்ச நாளா கண்ண மூடுனா அவ சேல வருது, கையி வருது, மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. ஒருவாட்டி பாத்துட்டா போதும். நீங்க இங்கிலீசு பேசுவீங்க. நீங்க கூட வந்தா உள்ள வுடுவாங்க.”

நாளைக்கே போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் யோசிக்கிறேன் என்றேன். அவர் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் சரி என்று சொல்லித்தான் அவரை அனுப்ப முடிந்தது.

நான் தயங்கியதற்குக் காரணம் உண்டு.

அதற்கு முந்திய வருடம் தோட்ட மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்குத் தங்கை ஒருவர் சீமையிலிருந்து வந்து பங்களாவில் தங்கியிருந்தார். தோட்டத்தில் எல்லோரும் அவரைச் சின்னத் துரைசாணி என்றார்கள். படம் எழுதுவது அவருக்கு வேலை. சுண்ணாம்புக் குன்றுகளை எழுதினார், ஈயம் தோண்டிய குட்டைகளை எழுதினார், வரிசையாக நிற்கும் பால் மரங்களை எழுதினார். பிறகு தமிழ்ப் பெண்ணொருத்தியின் முகம் வேண்டும் என்றார். துரை என்னைக் கூப்பிட்டு, வெட்டு நாளில் வேலைக்காரிகளை எடுக்க முடியாது, உன் ஆஸ்பத்திரியில் யாராவது இருந்தால் கொடு என்றார்.

பன்னிரண்டு கட்டிலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு போனேன். ஐந்தாம் கட்டிலில் இவருடைய மனைவி படுத்திருந்தாள். காட்டுக் காய்ச்சலில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது. நெற்றி அகலமான, தெளிவான முகம். புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே ‘குணம்’ என்று எழுதினேன். காய்ச்சல் விட்டவர்களை நான் எப்போதும் இன்னும் மூன்று நாள் படுக்க வைப்பேன். அன்று அப்படிச் செய்யவில்லை.

மூன்று காலைகள் அவள் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடியில், வெயில் நேராக விழும் இடத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். பங்களாவிலிருந்து ஒரு சிவப்புச் சேலையும் பித்தளைச் செம்பு ஒன்றும் வந்தன. சின்னத் துரைசாணிக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் நான் துரைசாணிக்குப் பின்னால் நின்று, தலையை நிமிர்த்து, கையை அசைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாலையில் காய்ச்சல் திரும்பியது. அதற்கு மறுநாள் சிறுநீர் கறுத்துப் போனது. எட்டு நாளில் இறந்துவிட்டாள். அவள் கணவர் அப்போது சித்தியவான் பக்கம் புதுக்காடு வெட்டப் போயிருந்தார். ஆள் அனுப்பி, அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

வெயிலில் உட்கார்ந்ததால் செத்தாள் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நம் டாக்டரும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல் படுத்தே கிடந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமாக நான் மாதா கோயிலுக்குப் போவேன். அன்று செமோர் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். வெளுத்த வேட்டி, யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை, தோளில் துண்டு, தலையில் படிய வாரிய எண்ணெய். பெண் பார்க்கப் போகிறவரைப் போல இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

ரயிலில் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

“அவ உக்காந்திருக்காளா, நிக்கிறாளாங்கையா?”

“உக்காந்திருக்கா.”

“சிரிச்சாப்புலயா?”

“முடிஞ்ச படத்த நான் பாக்கலப்பா. பங்களாவுக்குக் கொண்டு போயிட்டாங்க.”

அது உண்மைதான். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஜன்னலோரம் ஈயக் குட்டைகள் வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன.

அந்த வீடு ஆற்றங்கரைக்குக் கிட்ட இருந்தது. ஈப்போவில் சடக்கு, அதாவது தார் ரோடு, போடுவதற்கு முன்பே கட்டிய கல் வீடு என்பார்கள். ஈயத்தில் பெரும் பணக்காரராகிப்போன ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், சீனாவிலிருந்து தூணும் ஓடும் வரவழைத்துக் கட்டியது. அவர் காலமாகி, பிள்ளைகள் பினாங்குக்குப் போய்விட, நெடுநாள் பூட்டிக் கிடந்தது. பிறகு படங்களில் ஆசையுள்ள சில வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துச் சுண்ணாம்பு அடித்து, சித்திரச்சாலை ஆக்கினார்கள். செத்துப்போன ராஜாக்களின் படம் எதுவும் அங்கே கிடையாது. உயிரோடு இருப்பவர்கள் அந்தந்த வருடம் எழுதிய படங்களைத்தான் மாட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் தவுக்கே வீடுதான்.

வாசலில் பஞ்சாபி ஜாகா ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து காவல் இருந்தார். என் கோட்டையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு எழுந்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

“துவான் போலே. கூலி தா போலே,” என்றார். நீங்கள் போகலாம், கூலி போகக்கூடாது என்று மலாயில் சொன்னார்.

இவர் இன்னார், இன்ன படத்தைப் பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு. இவன் என் வேலையாள், என்னோடு வருகிறான் என்று மலாயிலேயே சொன்னேன். பேரா மண்ணில் பத்து வருடம் இருந்த எவருக்கும் அவ்வளவு மலாய் புரியும். பால்வெட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஜாகா வழிவிட்டார்.

உள்ளே சுவரெல்லாம் வெள்ளை. நடுவில் வானம் தெரியும் முற்றம். அதைச் சுற்றிலும் அறைகள். தூண்களில் தங்க எழுத்துகள் பாதி உரிந்து கிடந்தன. ஒரு மேஜைக்குப் பின்னால் கணக்கெழுதிக்கொண்டிருந்த இளம் கிராணி என்னைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். கூட வந்தவருக்கு எழுத வேண்டாம் என்றார்.

முதல் அறையில் குன்றுகள். அடுத்ததில் ஆற்றில் ஈயம் அரிக்கும் சீனப் பெண்கள். இவர் எதையும் பார்க்கவில்லை. நான் படம் படமாக நின்று நகர்ந்தேன். பார்க்க விருப்பமிருந்து நின்றேன் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் அறையின் நடுச் சுவரில் அவள் இருந்தாள்.

அவளேதான். அந்த நெற்றி, கொஞ்சம் விலகிய முன்பற்கள், காதோரம் சுருண்ட முடி. சிவப்புச் சேலை. பக்கத்தில் செம்பு. கீழே சின்னப் பலகையில் ‘தமிழ்க் கூலிப் பெண்’ என்று இங்கிலீஷில் இருந்தது. நல்ல படம். இன்றைக்கும் அதைச் சொல்வேன். அந்த அம்மாள் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தார். என்ன பார்க்கிறோம் என்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

எங்களுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அங்கே நின்றார்கள். இந்த முகத்தில் எவ்வளவு அமைதி, இவர்களிடம்தான் இதைப் பார்க்க முடியும் என்று அந்தப் பெண் சொன்னாள். அவர்கள் நகர்ந்த பிறகு இவர் கேட்டார்.

“என்ன சொல்லிட்டுப் போறாங்க?”

“அழகா இருக்கான்னு சொல்றாங்க.”

அவர் இன்னும் ஓரடி முன்னால் போனார்.

“இவளுக்குக் காச்சல் இருக்குங்கையா.”

நான் பலகையில் எழுதியிருந்ததை மறுபடி படித்தேன்.

“கையப் பாருங்க. கட்ட வெரல உள்ளாற வச்சு மூடிக்கிட்டா அவளுக்குக் குளுரு வருதுன்னு அர்த்தம். அஞ்சு வருசம் பாத்திருக்கேன். நெத்தியில மினுமினுங்குது பாருங்க. வேர்வ.”

அந்த மினுமினுப்பை நான் வெயிலென்று நினைத்திருந்தேன்.

“இந்தச் செம்பு எங்க வூட்டுதில்ல,” என்றார். முற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலிருந்து நான்கு பக்கமும் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்.

“இவ யாரப் பாக்குறா?”

“படம் எழுதுன அம்மாவ.”

“இல்லைங்க. வெள்ளக்காரவங்கன்னா அவ கண்ணெடுத்தே பாக்க மாட்டா. தலையக் குனிஞ்சுக்குவா. அந்தம்மா உக்காந்துதான எழுதுவாங்க? இவ மேல பாக்குறா. நிக்கிற ஆளப் பாக்குறா.”

இன்னொரு பொய் சொல்ல இடம் இருந்தது. சமையல்காரர் நின்றார் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஆனால் அவள் அந்தச் சுவரிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னப் பாக்குறா,” என்றேன்.

அவர் திரும்பவில்லை.

“நான் பின்னால நின்னேன். அந்தம்மா சொல்றத இவளுக்குச் சொல்றதுக்கு.”

“இவ என்ன சொன்னா?”

“ரெண்டாம் நாளு, குளுருதுங்கையான்னா. இன்னும் கொஞ்ச நேரந்தான்னு சொன்னேன். மூணாம் நாளு, தல சுத்துது, போலாமான்னு கேட்டா.”

“நீங்க?”

“என்ன கேக்குறான்னு அந்தம்மா எங்கிட்ட கேட்டாங்க. படம் நல்லா வருதான்னு கேக்குறான்னு சொல்லிட்டேன்.”

சொல்லி முடித்ததும் அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“ரொம்ப நல்லா வருதுன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அப்புறம் இவ ஒண்ணும் கேக்கல.”

மழை கொஞ்சம் குறைந்தது.

“நீங்க வெளிய நில்லுங்கையா,” என்றார். “நான் கொஞ்சம் பாத்துட்டு வாரேன்.”

நான் அறையை விட்டு முற்றத்து ஓரத்துக்கு வந்து தூணில் சாய்ந்து நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. திடீரென்று உள்ளே ஜாகாவின் குரல் கேட்டது. கிராணி மேஜையை விட்டு ஓடினார். நானும் ஓடினேன்.

ஜாகா அவருடைய இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்திருந்தார். துண்டு தரையில் கிடந்தது. துண்டின் நுனியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அவசரப்படாமல், ஈரத்தை ஒற்றி எடுப்பதுபோல. படத்தில் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைச் சாயத்தில் மயிரிழை அளவு மங்கியிருந்தது, தெரிந்து பார்த்தால்தான் தெரியும்.

கிராணி என்னைப் பார்த்து, உங்கள் வேலையாள் செய்த காரியத்தைப் பாருங்கள் என்றார்.

“அவர் என் வேலையாள் இல்லை. இந்தப் படத்திலிருக்கும் பெண்ணின் கணவர். அவள் இறந்துவிட்டாள்,” என்றேன்.

கிராணி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவருக்கும் என்னைப் போல வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். ஜாகாவிடம் விடச் சொன்னார். குனிந்து துண்டை எடுத்து அவரே இவர் கையில் கொடுத்தார். ஆனால் நான் கையெழுத்திட்ட புத்தகத்தைத் திருப்பி, தோட்டத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதாவிட்டால் எனக்குத் தொல்லை, சூசா வந்துவிடும், மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டே எழுதினார்.

ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, “அண்ணே” என்று கூப்பிட்டேன். தோட்டத்தில் ஒரு டிரெஸ்ஸர் பால்வெட்டுக்காரரை அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

“மூஞ்சி கெடச்சிருச்சுங்கையா,” என்றார். “ஆனா இனிமே காச்சலோடதான் வருவா.”

புதன்கிழமை துரை கூப்பிட்டார். தவுக்கே வீட்டிலிருந்து கடுதாசி வந்திருந்தது. நான்தான் அழைத்துப் போனேன், தப்பு என்னுடையது என்றேன். சொன்னேன் என்பது உண்மை. நிமிர்ந்து நின்று உரக்கச் சொன்னேன் என்று எழுத முடியாது. துரை கோபப்படவில்லை. மைத்துனி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றார். ஆனாலும் மனைவி செத்த இடத்திலேயே அவனை வைத்திருப்பது அவனுக்கும் நல்லதல்ல, மறுபடி சித்தியவானுக்கே போகட்டும் என்றார். கையிலிருந்த பேனாவை மூடுவதற்குள் அந்தக் காரியத்தை முடித்துவிட்டார். அவளை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன், அந்த மூன்று நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

புறப்படும் அன்று காலையில் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தகரப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஐந்தாம் கட்டிலை எட்டிப் பார்த்தார். அதில் யாரோ வயிற்றுவலிக்காரர் போர்வைக்குள் சுருண்டிருந்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கையா,” என்றார். “அவ கேட்டத அந்தம்மாகிட்ட நீங்க அப்படியே சொல்லியிருந்தா, வுட்டுருப்பாங்களா?”

“தெரியலண்ணே.”

“சரி. வாரேன்.”

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். சித்தியவானிலிருந்து பிறகு லூமுட் பக்கம் போய்விட்டதாகச் சமையல்காரர் ஒருமுறை சொன்னார். படகில் வேலை என்றார். நிச்சயமாகத் தெரியாது. அந்த வருடக் கடைசியில் ஈப்போவுக்குப் போன ஒரு நாள் தவுக்கே வீட்டுக்குள் தனியாக நுழைந்தேன். மூன்றாம் அறையில் வேறு படங்கள் இருந்தன. அந்தப் படத்தை யாரோ வாங்கிச் சீமைக்குக் கொண்டுபோய்விட்டதாகக் கிராணி சொன்னார். அது இப்போது எந்த ஊரில் எந்தச் சுவரில் இருக்கிறதோ. அதன் முன்னால் நின்று யார் என்ன சொல்கிறார்களோ.

அடுத்த வருடம் சின்னத் துரைசாணி மறுபடி வந்தார். ஒரு பிற்பகல் முக்காலியும் சாயப் பெட்டியுமாக நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். இரண்டாம் கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருந்தார். எலும்பெடுத்த அந்த முகத்தை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, இவரை ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்காரச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

துரைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு மனத்துக்குள் ஓடியது. இருந்தாலும் சொன்னேன்.

“முடியாதம்மா. அவருக்குக் காய்ச்சல்.”

“அப்படியா? அடடா, அப்படியானால் வேண்டவே வேண்டாம்,” என்றார் அவர். “அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.” முக்காலியை மடக்கிக்கொண்டு, எனக்குப் போய்வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு, பங்களாப் பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

அவர் மரங்களுக்குள் மறைந்த பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து கிழவர் கேட்டார்.

“யாருங்கையா வந்தது?”

“ஒருத்தருமில்ல. நீங்க படுங்க,” என்றேன்.